பற்றரி இறங்கும் வீடு

...இன்னும் பன்னிரண்டு நிமிடம், அதுவரைக்கும் ஒன்றையும் தொடக்கூடாது, கதவைத் திறந்தால் காருக்குள் இருக்கிற கணினி விழித்துக்கொள்ளும், பிறகு முதலிலிருந்து காத்திருக்க வேண்டும் என்று ஜெயசுதன் தனக்குள் சொல்லிக்கொண்டு காரின் பொனற்றைத் தூக்கி எஞ்சினுக்கு மேலே குனிந்து நின்றான். செத்துக்கிடந்த பற்றரியைக் கழற்றிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த நல்ல பற்றரியை வைத்து, கறுப்பு வயருக்கு நடுவில் மீற்றரைக் கொழுவியிருந்தான். நிறுத்திக் கிடக்கிற காரில் எது களவாகக் கரண்ட் குடிக்கிறது என்று மீற்றர் காட்டிக்கொடுக்கும்... காட்டிக்கொடுக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் இது மூன்றாவது தரம். அச்சுவேலியில் பதினெட்டு வருடமாக வாகன வயரிங் வேலை, மற்றவர்கள் கைவிட்டதெல்லாம் அவனிடம்தான் வரும், உரும்பிராயில் இந்த முத்துக்குமாரு ஐயாவின் கார் மட்டும் பிடிகொடுக்கவில்லை. சார்ஜ் ஏற்றி விட்டுப் போனால் ஒரு கிழமை கழியப் போன் வரும், "தம்பி, ஸ்ரார்ட் வருகுதில்லை." கை தளர்ந்துவிட்டதா, நாற்பத்தாறு வயதுக்குள்ளேயா?

ஐயா யன்னலால் எட்டிப் பார்த்தார். "பிடிபட்டுதே தம்பி?"

"இன்னும் இல்லை ஐயா. கொஞ்சம் பொறுங்கோ, வண்டி நித்திரையாக வேணும்."

"அப்ப பிளேன்ரீ ஊத்தட்டே?"

"ஓம், ஊத்துங்கோ." போன தரமும் இப்படித்தான், தேநீர் வந்தது, பிறகு இரண்டு மணித்தியாலம் கதை, தபாற்கந்தோரில் வேலை செய்த காலம், மனைவி செத்த அன்று பெய்த மழை, வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய சப்பாத்து அளவில்லாமல் போனது... கதைக்க ஆள் இல்லாத மனிசன், பாவம் என்று நினைத்தான், பாவம் பார்க்க நீ யார்? மூன்று தங்கச்சிமாரையும் கட்டிக்கொடுத்து முடிய நாற்பது தாண்டிவிட்டது, பிறகு அவனுக்கு ஒரு கலியாணம் பேச யாருக்கும் ஞாபகம் வரவில்லை, கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அடுத்த நாள் கடை திறக்கும்வரை தொண்டையிலிருந்து ஒரு சொல் வெளியே வருவதில்லை, கடையில் சொல்லுகிற "வயர் எரிஞ்சிட்டுது", "பியூஸ் போயிட்டுது" எல்லாம் கதையா?

மீற்றரில் எண் இறங்கியது. சுகமான கார் நித்திரையில் குடிக்கிற அளவுதான், அதற்கு மேலே துளியும் இல்லை. பொனற்றுக்குள் இருந்த பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான், எண் அசையவில்லை. அப்படியென்றால் கார் களவெடுக்கவில்லை... பிறகு யார்? வயரைத் திரும்பப் பூட்டிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே இருந்து சாவியைத் திருப்பினான். ஓடிய தூரம், போன தரம் அவன் குறித்துவைத்த அதே எண். சந்நிதி கோயிலுக்குக் காரில் போய் வந்தேன் என்று காலையில் போனில் சொன்னாரே, கார் முற்றத்தை விட்டு அசையவேயில்லை. ஸ்ரியறிங்கில், கியரில், எல்லாவற்றிலும் மெல்லிய செம்மண் புழுதி, விளக்குச் சுவிட்சின் நுனி மட்டும் விரல் பட்டுத் துலங்கிக்கொண்டிருந்தது. பின்னேரம் விளக்கைப் போட்டுவிட்டு, விடியப் பற்றரி செத்த பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, அதற்குப் பிறகு போனை எடுத்து... மறதியா? மறக்கிறவர் அணைக்கவும் மறப்பாரே. கோபம் வந்தது, மூன்று பகல், எவ்வளவு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன், ஆனால் கோபம் ஏனோ நிலைக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. "அண்ணை, நான் முத்துக்குமாரற்றை மகள் உதயகலா, மெல்பேணிலையிருந்து கதைக்கிறன். பிழை என்னெண்டு கண்டுபிடிச்சிட்டியளோ? இல்லாட்டி உந்தக் காரை வித்துப்போட்டு அப்பாவை முதியோர் இல்லத்திலை விடப்போறன். மறதி கிறதி வந்திட்டுதோ எண்டும் பயமாக்கிடக்கு."

சொல்லலாம், உண்மை ஒரு வரிதான், ஆனால் அந்த வரியை எப்படித் தொடங்குவது, உங்கள் அப்பாவுக்கு மறதி இல்லைத் தங்கச்சி, அவர் நல்ல ஞாபகத்தோடுதான்... "எலி வயரைக் கடிச்சிருக்குத் தங்கச்சி, சுத்திக் கட்டிவிட்டிட்டன். ஐயாவிலை ஒரு பிழையும் இல்லை. நான் இடைக்கிடை வந்து பாக்கிறன்." பதினெட்டு வருடத்தில் ஒரு வாகனத்தைப் பற்றி அவன் சொன்ன முதல் பொய், எவ்வளவு இலேசாக வந்துவிட்டது!

திரும்பினால் ஐயா இரண்டு கோப்பையோடு படியில் நிற்கிறார், கேட்டிருக்கிறார்.

"எலியோ தம்பி?"

"ஓம் ஐயா."

"உங்கை எலித் தொல்லை கூடத்தான்," என்று முற்றத்து மண்ணைப் பார்த்துச் சொன்னார். கண் கலங்கியதா, தேநீர் ஆவி பட்டதா, தெரியவில்லை.

"கார் ஸ்ரார்ட் வராட்டித்தான் கூப்பிடவேணுமெண்டில்லை ஐயா. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாறன்."

அவர் ஒரு கோப்பையை எடுத்து நீட்டினார். ஜெயசுதன் சூடு பாராமல் ஒரு வாய் குடித்தான், நாக்குச் சுட்டது, பெரிய உதவி செய்தவன் போல மனம் கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றது... அப்படியென்றால் நேற்று முழுக்க, கையெல்லாம் கிறீஸோடு, வேலைக்கு நடுவில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தானே, அது யார் கூப்பிடவேண்டுமென்று?