அம்பறாத்தூணியின் மூடி

காரேஜ் மேசையில் ஒட்டிக்கொண்டிருந்த பசை ட்யூபைக் கத்தியால் நெம்பி எடுத்தபோதுதான் மாரித் அதைப் பார்த்தாள். அடியில் கிடந்த தெர்மாகோல் துண்டில் ஒரு முட்டை உட்காருகிற அளவுக்குப் பள்ளம். பசை சொட்டிய இடமெல்லாம் கரைந்து உள்வாங்கிப் போயிருந்தது.

அப்பாவின் அம்பறாத்தூணி மூடியை வியாழக்கிழமை இதே பசையால்தான் ஒட்டினாள். அந்த மூடிக்குள் இருப்பதும் தெர்மாகோல்தான். வில்லோடு சேர்த்து மாட்டுகிற தூணி அது. அம்புகளின் தலையில் சவரக் கத்தி மாதிரி மும்மூன்று பிளேடு. அவற்றை இறுக்கிக் கவ்விக்கொண்டிருப்பது அந்தத் தெர்மாகோல் ஒன்றுதான். அது போய்விட்டால் அம்பு ஆடும், வழுக்கும், மூடியை விட்டு வெளியே வரும். இருட்டில் வில்லைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவனின் தொடைக்கு நேராக வரும்.

மூடியில் விரிசல் விழுந்ததும் அவளால்தான். புல்வெட்டும் எந்திரத்தைப் பின்னுக்கு இழுத்தபோது சக்கரம் ஏறிவிட்டது. அப்பாவிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அப்பா நெல்ஸ் எதற்கும் குரலை உயர்த்தாத மனுஷன். இந்தத் தூணி விஷயத்தில் மட்டும் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். மனைவி இறந்த பிறகு, விவாகரத்தாகி வந்த மகளை ஒரு கேள்வி கேட்காமல் வீட்டில் சேர்த்துக்கொண்டவர். அவரிடம் திட்டு வாங்க மாரித்துக்கு மனசில்லை. விரிசல் தெரியாதபடி அழகாக ஒட்டினாள். அழகாக!

விடியுமுன்னே காட்டுக்கு மான் வேட்டைக்குப் போய், ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பி வந்து காபி கேட்கிறவர். இன்று பதினொன்றாகியும் காணோம். மான் விழுந்திருக்கும், இழுத்து வர நேரமாகிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். போன் அடித்தாள். அவர் வேட்டையாடும் காட்டுச் சரிவில் சிக்னல் ஏது?

அடுத்த சாலையில் பால்பண்ணை வைத்திருக்கும் அண்ணன் ஆர்லனைக் கூப்பிட்டாள். அவன் மாட்டுக் கொட்டகை பூட்ஸோடு பிக்கப்பில் வந்து இறங்கினான்.

"பெரிய கிடா மானா மாட்டியிருக்கும். இழுக்க முடியாம அது மேலயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்னுட்டிருப்பாரு, கிழவரு."

"சீக்கிரம் வா, ஆர்லன்."

"என்னடி முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"வான்னா வாயேன்!"

அறுத்த சோளக்கொல்லையைத் தாண்டி ஓக், மேப்பிள் மரங்களுக்குள் நுழைந்தார்கள். அக்டோபர் மாதம், கணுக்கால் புதைய இலை கிடந்தது. ஒவ்வொரு அடியிலும் மாரித் இலையில் ரத்தச் சிவப்பைத் தேடினாள். மேப்பிள் இலை எல்லாமே சிவப்பு. பாவி மரங்கள்!

மானுக்காக அப்பா ஏறி உட்காரும் பரண் இருந்த மரத்தடியில் வில் கிடந்தது. மேலே ஏறியபின் வில்லை இழுத்துக்கொள்ளும் கயிறு அதில் கட்டியபடியே இருந்தது. தூணியில் ஒரு அம்புகூட இல்லை.

ஆர்லன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். "அசையாதே! அம்பு இலைக்குள்ள கிடந்தா பூட்ஸையே கிழிச்சிரும்."

"விடு என்னை. அப்பா! அப்பா!"

கையை உதறிவிட்டு ஓடினாள்.

மரத்துக்குப் பின்னால், விழுந்து கிடந்த கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் நெல்ஸ். கண் பாதி மூடியிருந்தது. மாரித் முகத்தைத் தொடவில்லை. முதலில் தொடையைத் தடவினாள், பிறகு முழங்கால், இடுப்பு, மணிக்கட்டு. எங்கேயும் ரத்தமில்லை. ரத்தமில்லை என்றதும் அவளுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் அந்தக் கை எவ்வளவு சில்லிட்டிருக்கிறது என்று உறைத்தது. ச்சே, நானெல்லாம் ஒரு மகளா என்று தோன்றியது.

ஆர்லன் குனிந்து அப்பாவின் கழுத்தில் விரல் வைத்தான். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"நெஞ்சு," என்றான் கடைசியில். "தாத்தாவுக்கும் இப்படித்தான். நீ இங்கயே இரு. நான் மேட்டுக்குப் போய் போன் பண்ணிட்டு வரேன்."

அவன் போனபின் காடு அமைதியாக இருந்தது. அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். விரல் நகங்களில் கறுப்பாக மண் ஏறியிருந்தது. வலது கை நகம் ஒன்று பிளந்திருந்தது. எதைத் தோண்டினார் இவர்?

எழுந்து பார்த்தாள். கட்டைக்கு அந்தப் பக்கம், சரிவிலிருந்து ஆள் இறங்கி வரும் தடத்தில், இலைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அங்கே அம்புகள் நின்றன. தலைகீழாக, பிளேடு முழுசும் மண்ணுக்குள் போகும்படி குத்தி, சுற்றிலும் மண்ணை அழுத்திவிட்டிருந்தது. இறகுகள் மேலே. எல்லாவற்றையும் சேர்த்துத் தன் சிவப்புக் கைக்குட்டையால் கட்டியிருந்தார், தூரத்திலிருந்தே தெரியும்படி. முடிச்சு சரியாக விழவில்லை. இரண்டு மூன்று தரம் முயன்றிருக்கிறார்.

ஆர்லன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து பார்த்தான்.

"வலி வந்தா வீட்டுக்கு வர வேண்டியதுதானே? மேட்டுக்கு ஏறியிருந்தா போன் கிடைச்சிருக்குமே! இந்த வேலையா பார்த்துட்டிருந்தாரு? பைத்தியக்கார மனுஷன்..." குரல் உடைந்து அழுதான்.

மாரித் வில்லருகே போய் மூடிக்குள் கட்டைவிரலை விட்டாள். விரல் எதிலும் முட்டவில்லை.

"நான்தான் ஒட்டினேன், ஆர்லன். உடைச்சதும் நான்தான். பசை உள்ளே இருந்த தெர்மாகோலை எல்லாம் தின்னுடுச்சு. கழண்டு விழுந்த அம்பு வர்றவங்க காலைக் கிழிக்கக் கூடாதுன்னுதான் பொறுக்கி நட்டிருக்காரு. அவர்கிட்ட சொல்லலை."

ஆர்லன் மூடியைப் பார்த்தான். அம்புகளைப் பார்த்தான். பிறகு அப்பாவின் அருகே போய், அவர் மடியில் விழுந்திருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

சரிவின் மேலே பேச்சுக்குரல் கேட்டது. அவசர உதவிக்கு வரும் ஊர்த் தீயணைப்புக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு இலையைச் சரசரவென்று மிதித்துக்கொண்டு நேரே இறங்கி வந்தார்கள்.

"அம்பைப் பிடுங்கிரவா?" என்று ஆர்லன் எழுந்தான்.

"பிடுங்கி எங்கே வைப்பே?"

மாரித் ஓடிப்போய்க் கைக்குட்டைக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"இந்தப் பக்கம் வராதீங்க! சுத்தி வாங்க, சுத்தி!"

அவர்கள் சுற்றி வந்தார்கள். நெல்ஸைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, வார்களைப் பூட்டினார்கள். முன்பக்கக் கைப்பிடியை ஆர்லன் வாங்கிக்கொண்டான்.

"மாரித், வா. அப்பாவைக் கொண்டுபோறோம்."

"நீ போ."

"என்னடி இது?"

"வேற யாராவது இறங்கி வருவாங்க, ஆர்லன். இதை இப்படியே விட்டுட்டு எப்படி வர்றது?"

அவன் நின்று பார்த்துவிட்டு நடந்தான். ஸ்ட்ரெச்சர் மரங்களுக்குள் மறைந்தது. அவள் விரித்த கைகளை இன்னும் இறக்கவில்லை.