லீவரில் கட்டிய மஞ்சள் கயிறு

கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேரவில்லை. தேவி துணிக்கிழிசலை இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள். அக்காவின் இடது கால் வலது காலைவிடக் குட்டை. அதுவும் உள்பக்கம் திரும்பியது. ஐம்பத்திரண்டு வருஷம் யார் பேச்சையும் கேட்காத கால் இப்போது மட்டும் கேட்குமா என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"துணிய நீட்டமா வுட்டுக் கட்டு தேவி," என்றாள் பக்கத்து வீட்டு ரோசி. "சேர்ற வரைக்கும் சேரட்டும்."

காலையில் டீ கொடுத்துவிட்டு டம்ளரை வாங்க வந்தபோது அக்கா லோகநாயகி மடியில் வலையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். வலை ஊசி விரலிடுக்கிலேயே இருந்தது. டீ பாதி மிச்சம்.

தெருவில் போட்டிருந்த பந்தலுக்குள் ஆதிநாராயணன் வந்து உட்கார்வது தெரிந்தது. தேவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள். மஞ்சள் துண்டு இல்லை.

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒவ்வொரு புரட்டாசியும் முப்பது பேர் திருப்பதிக்கு நடப்பார்கள். எளாவூர் தாண்டி, தடா, காளஹஸ்தி வழியாக ஒரு வாரம். அப்படி நடந்தவர்களில் யாராவது இறந்தால் மற்ற நடைக்காரர்கள் மஞ்சள் துண்டோடு வந்து பாடையைத் தூக்குவார்கள். சொந்தக்காரர்களுக்குக்கூட அன்று தோள் கொடுக்க இடமில்லை. இருபது வருஷமாக ஆதி மாமாதான் தலைவர்.

நானும் நடந்தவள், எனக்கு வருவார்கள், அக்காவுக்கு வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள் தேவி.

பூவரச மரத்தடியில் அக்காவின் பேட்டரி வண்டி நின்றது. அரசாங்க முகாமில் கொடுத்த சக்கர நாற்காலி. அது வரும்வரை அக்காவுக்குப் போக வேண்டிய இடமெல்லாம் தேவியின் இடுப்பில்தான். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஓட்டுப் போட. வண்டி வந்த மூன்றாம் மாதம் அக்கா நடைக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவில் போய் நிறுத்தினாள்.

"நானும் வரேன் மாமா."

"வண்டில வந்தா அது நடையா லோகா?"

"நீங்க கடலுக்கு நீந்திக்கினா போறீங்க? இன்ஜின வெச்சுத்தான போறீங்க? அத மட்டும் தொழிலுன்றீங்க?"

ஆதி மாமாவே சிரித்துவிட்டார். ஒருவரும் தள்ளக் கூடாது, ஏற்றக் கூடாது என்று பேச்சு. மற்றவர்களுக்கு மணிக்கட்டில் காப்புக்கயிறு கட்டினார். அக்கா கையை நீட்டவில்லை. "இதுல கட்டுங்க," என்று பின்சக்கரத்துக்கு மேலிருந்த லீவரைக் காட்டினாள். அதைத் திருப்பினால்தான் வண்டியைக் கையால் தள்ள முடியும். கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் அது திரும்பாது.

காளஹஸ்திக்கு முன்னால் ஒரு மேட்டில் சார்ஜ் தீர்ந்தது. கூட்டம் முன்னே போய்விட்டது. மரமில்லாத ரோடு. தேவி பழக்கத்தில் கைப்பிடியைப் பிடித்தாள்.

"தொடாத," என்றாள் அக்கா.

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தேவி பேட்டரியைக் கழற்றி, அக்காவைச் சுமந்த அதே இடுப்பில் வைத்துக்கொண்டு, மேட்டு உச்சியில் இருந்த டீக்கடைக்கு நடந்தாள். அது சார்ஜ் ஏறிய மூன்று மணி நேரமும் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்: வெயிலில் ஒரு கறுப்புக் குடை, அதன் கீழே அசையாமல் அக்கா. முப்பது வருஷம் சுமந்தவளைப் பார்த்துத் தொடாதே என்று சொன்ன வாய்.

உச்சிவெயிலுக்கு ஒதுங்கிய கூட்டத்தைச் சாயங்காலம் பிடித்துவிட்டார்கள். லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்ததாக யாரோ கதை கட்டியிருந்தார்கள். ஆதி மாமா கேட்டார். "ஏத்தல," என்றாள் அக்கா. அவர் தேவியைப் பார்த்தார். தேவி குனிந்து குதிகால் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அலிபிரியில் முதல் படியருகே எல்லோருடைய கயிற்றையும் அவிழ்த்தவர் அந்த லீவரை மட்டும் தொடாமல் தாண்டிப் போனார். அவர் கையால் அவிழ்க்காத நடை கணக்கில் சேராது. அக்கா அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. தேவியிடம்கூட.

பாடை தயாராகிவிட்டது. அத்தை மகன்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

தேவி பந்தலுக்கு நடுவே வந்தாள். "மாமா, துண்டு எங்க?"

"இந்த நேரத்துல இன்னா பேச்சு தேவி?"

"லோடு ஆட்டோல ஏத்துனீங்களான்னு அன்னிக்குக் கேட்டீங்க. நான் பேசல."

"தலைய குனிஞ்சிக்கின. அதான் பதிலுன்னு எடுத்துக்கினேன்."

"ஏத்தல மாமா. ஒரு அடி தள்ளக்கூட இல்ல. மூணு மணி நேரம் வெயில்ல குந்திக்கினு இருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

தேவி வாயைத் திறந்தாள். "கோவம்," என்றாள். "என்னயே தொடாதன்னுச்சு."

"அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்துச்சே, பொண்ணே," என்றார் அவர் மெதுவாக.

தேவி அதை வாங்கிக்கொண்டாள்.

நடைக்காரர்களில் ஒருவரான சின்னதம்பி முனகினார். "செத்தவங்கள வெச்சுக்கினு யாரு இன்னா வேணா சொல்லலாம்."

"என்ன நம்ப வேணாம். சார்ஜ் தீர்ந்த வண்டியத் தள்ளாம ஆட்டோல எப்படி ஏத்துறது? லீவரப் பாருங்க."

ஆதிநாராயணன் எழுந்து போய் வண்டியருகே குனிந்தார். கயிறு வெளுத்து நூல்நூலாகியிருந்தது. முடிச்சு மட்டும் அப்படியே. அவர் இடதுகைக்காரர். அவர் போட்ட முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும் என்பது குப்பத்தில் கிழிந்த வலை பொத்துகிற எல்லோருக்கும் தெரியும்.

"இத்தினி நாளா யாரும் தள்ளவே இல்லயா?"

"சார்ஜ் தீர்ந்தா அது அங்கியே குந்திக்கும்," என்றாள் ரோசி. "போன மாசம் மீன் மார்க்கெட்டுல நடு ரோட்ல. பஸ்காரன் கத்துறான், இது பாட்டுக்கு வெத்தல மடிச்சிக்கினு இருக்குது."

யாரோ சிரித்தார்கள். சின்னதம்பியும்தான்.

ஆதிநாராயணன் நகத்தால் முடிச்சை நெருடினார். உப்பில் இறுகியிருந்தது. ஒருவர் கத்தி நீட்டினார். அவர் தலையாட்டி மறுத்துவிட்டு, "வலை ஊசி இருக்குதா?" என்றார். தேவி உள்ளே போய் அக்காவின் ஊசியைக் கொண்டுவந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து, ஊசிமுனையால் ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினார். வெகுநேரம் ஆனது. எவரும் அவசரப்படுத்தவில்லை. அவிழ்ந்த கயிற்றை உள்ளே கொண்டுபோய் லோகநாயகியின் காலடியில் வைத்தார்.

"சின்னதம்பி, போய்த் துண்டெல்லாம் எடுத்தா. எல்லாரையும் கூட்டிக்கினு வா."

அத்தை மகன்கள் விலகி நின்றார்கள். மஞ்சள் தோள்களில் பாடை ஏறியது. "கோவிந்தா!" என்று ஆதி மாமாவின் குரல் எழும்ப, இருபது குரல்கள் வாங்கிச் சொல்லின. உலர்த்தியிருந்த கருவாட்டுப் பக்கமிருந்து காக்கைகள் கலைந்து பறந்தன. தேவி நிமிர்ந்து நடந்தாள். வண்டியின் கைச்சாய்மானத்தில் இருந்த குச்சியை அவள் அழுத்த, காலி வண்டியும் அவள் பக்கத்திலேயே உருண்டு வந்தது.

தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். மஞ்சள் துண்டுகள் சவுக்குத் தோப்புக்குள் மறைந்த பிறகு ரோசி வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"கயிறுதான் அவுத்தாச்சே. தள்ளிக்கினு போயிடலாம் வா."

தேவி பேட்டரி விளக்கைக் குனிந்து பார்த்தாள். இரண்டு பச்சைப் புள்ளிகள்.

"சார்ஜ் இருக்குது," என்று ரோசியின் கையை எடுத்துவிட்டாள்.

வண்டி சிமெண்ட் ரோட்டில் வீட்டைப் பார்த்துப் போனது. தேவி குச்சியில் விரலை வைத்தபடி அதற்கு அரை அடி பின்னால் நடந்தாள்.