கொழுகொழு புள்ள

கரியனுக்கு மக தமிழ்மொழியப் பத்தி அப்படி ஒரு பெருமை. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிட்டு மலையேறி வரும்போதெல்லாம், ஒன்றரை வயசுப் புள்ளையோட கன்னத்தையும் காலையும் காட்டி, எப்படி கொழுகொழுன்னு இருக்கா பாருன்னு ஊரையே கூப்பிடுவான். புள்ள சிரிக்கிறதும் இல்ல, வெளையாடுறதும் இல்ல. ஒக்கார வச்ச எடத்துலயே ஒக்காந்திருக்கும். அடக்கமான புள்ளன்னு அதையும் மெச்சிக்குவான், போங்க!

அவன் பொண்டாட்டி சாமியம்மாள் மறுபடி உண்டாயிட்டதால தாய்ப்பால நிறுத்திட்டா. அப்போலேருந்து புள்ளைக்கு மூணு வேளையும் மரவள்ளிக் கஞ்சிதான். அங்கன்வாடியில பதிஞ்ச அவ போனுக்கு, புள்ள வளப்பு பத்தி வாரா வாரம் மெசேஜ் வரும். அத அனுப்புற எடத்துலேருந்து பவானின்னு ஒரு அம்மா அப்பப்போ கூப்பிட்டும் பேசுவாங்க. அன்னிக்கு வந்த மெசேஜுல, கொழந்தை பாதத்தக் கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, குழி அப்படியே நின்னா அது சதை இல்ல, வீக்கம், ஒடனே ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு இருந்துச்சு. சாமியம்மா அழுத்தினா. குழி நின்னுச்சு. புள்ளையத் தூக்கிக்கினு அடுத்த பஸ்ஸுலயே கள்ளக்குறிச்சிக்கு எறங்கிட்டா.

ஆஸ்பத்திரியில கரண்டி கரண்டியா பாலு புகட்டினாங்க. புள்ள வாயத் தொறக்கவே மாட்டேன்னுச்சு. வீக்கம் வத்த வத்த வெலா எலும்பு தெரியுது, தொடை சுருங்கித் தொங்குது, எடையும் எறங்கிக்கினே போவுது. சேதி கேட்டு வந்த கரியன் பதறிட்டான். நல்லா இருந்த புள்ளையக் கொண்டாந்து சாகடிக்கிறீங்களான்னு கத்திக்கினே துணிமணியப் பையில திணிச்சான். நர்ஸம்மா சொன்ன எதுவும் அவன் காதுல ஏறல.

சாமியம்மாளுக்கும் பயம்தான். பவானிக்குப் போன் போட்டா.

"வெறும் கஞ்சியில சத்து இல்லாம ஒடம்புல கோத்த நீர் வடிஞ்சா எடை கொறையத்தான் செய்யும், சாமியம்மா. இப்போ தெரியறதுதான் ஒங்க புள்ளையோட நெஜ ஒடம்பு. பாதியில தூக்கிக்கினு போயிட்டா பொழைக்கிறது கஷ்டம்."

பட்டினியா கெடந்த புள்ளையையா இத்தினி நாளும் கொழுகொழுன்னு மெச்சிக்கினு இருந்தோம்னு அவளுக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு. கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவுல போயி நின்னா.

"நீ போ. நான் வரல. புள்ளையும் வராது."

கரியன் கைய ஓங்கிட்டான். அவ நகரல.

அப்போ அவ முதுகுக்குப் பின்னால வீல்னு ஒரு அழுகை. பக்கத்துக் கட்டில் கொழந்தைக்கு ஊட்டிக்கினு இருந்த கிண்ணத்தப் பாத்து, தமிழ்மொழி குச்சிக் கைய நீட்டி நீட்டி அழுவுது. பசின்னு அந்தப் புள்ள அழுது அவங்க கேட்டு மாசக்கணக்காச்சு.

ஓங்கின கைய எறக்கிட்டு, கரியன் பாலு கேக்க ஓடினான்.