அம்பு இல்லாததற்கு விலை

கும்பகோணத்தில் எங்கள் பாத்திரக்கடைக்கு வருகிறவர் குடத்தைத் தட்டிப் பார்ப்பதற்குள், எந்த விலைக்குப் படிவார் என்று என் அப்பா சொல்லிவிடுவார். அந்தக் கடையில் வளர்ந்த நான், 2014-ல் தஞ்சாவூரில் ஓர் உரக்கடையின் மாடியில், கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் பிழை தேடும் குழுவுக்கு மேற்பார்வையாளனாக இருந்தேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் விளையாட்டைச் செய்யும். நாங்கள் நாள் முழுக்க விளையாடி, எங்கே வீரனின் கால் சுவருக்குள் புதைகிறது, எங்கே குதிரை வானத்தில் மேய்கிறது என்று எழுதி அனுப்புவோம். எனக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் இதை வேலை என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

எங்களில் கெட்டிக்காரன் ரெமிஜியஸ். ஒரத்தநாட்டுக்காரன். அவன் அப்பா சவரியப்பன் மாட்டுத் தரகர். தொண்ணூறுகளின் கடைசியில் குவைத்திலிருந்து அவன் சித்தப்பா ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். அதில் ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. ‘சாம்பல் கோட்டை’ என்று நாங்கள் தமிழில் சொல்வோம். நாமே ஓர் ஆளாக மாறி, ஊர் ஊராகப் போய், பேசி, வாங்கி, விற்று, சண்டை போட்டுக் கதையை நடத்த வேண்டிய வகை. பத்தாம் வகுப்புக் கணக்கில் ரெமிஜியஸ் கோட்டை விட்டதற்கு அந்தக் கோட்டைதான் காரணம் என்பார் அவன் அப்பா.

அந்த விளையாட்டைக் கனடாவில், மாண்ட்ரியாலில் ஒரு கம்பெனி வாங்கிப் புதிதாகச் செய்துகொண்டிருந்தது. சோதிக்கிற வேலை எங்களுக்கு வந்தது. முதல் நாளே ரெமிஜியஸின் முகம் சுண்டிவிட்டது.

“என்னடா தியாகு, தரையில தங்கத்துல கோடு போட்டு வச்சிருக்கான்?”

“வழி காட்டுறதுக்குடா.”

“பழசுல படகோட்டிகிட்ட கேட்டா, ‘உப்பளத்தத் தாண்டு, பட்ட மரத்துகிட்ட சோத்தாங்கை பக்கம் திரும்பு’ம்பான். அவ்வளவுதான். ஞாபகம் வச்சிக்கிட்டுப் போவணும். தப்பாப் போனா அங்க ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட ஒரு கதை இருக்கும். இப்ப கோட்டப் பாத்துக்கிட்டே போறேன், ஊரே கண்ணுல படல. டவுன் பஸ்சுல தூங்கிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு.”

தலைக்கு மேலே இருந்தது இன்னும் மோசம். வேலை கொடுக்கிறவன் தலைக்கு மேல் மஞ்சள் அம்பு. பொய் சொல்கிறவன் தலைக்கு மேல் சிவப்புப் புள்ளி. பழையதில் ஒரு குதிரை வியாபாரி உண்டு. கண்ணீர் விட்டுக் கதை சொல்லி நொண்டிக் குதிரையை நம் தலையில் கட்டிவிடுவான். அவனிடம் பலமுறை ஏமாந்த பிறகுதான், குதிரையை நடக்கவிட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று ரெமிஜியஸுக்குப் புத்தி வந்ததாம். புதியதில் அதே வியாபாரி சிவப்புப் புள்ளியோடு நின்று அழுதான். அந்த அழுகைக்குக் குரல் கொடுத்த நடிகர்தான் பாவம்.

பக்கத்து நாற்காலி செம்மொழிக்கு இந்தப் புலம்பல் பிடிக்காது. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் படிக்கவைத்த பெண்.

“அண்ணே, வழி தெரியாம அலையறது உங்களுக்கு வெளையாட்டு. நான் சாதி சர்டிபிகேட்டுலேர்ந்து காலேஜ் சீட்டு வரைக்கும் யாரக் கேக்கறதுன்னு தெரியாம அலைஞ்சிட்டுதான் வந்திருக்கேன். என் தலையெழுத்துக்கு அப்பயே எவனாச்சும் அம்பு போட்டுக் காட்டியிருந்தா கும்பிட்டிருப்பேன்.”

ரெமிஜியஸ் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் விடவில்லை. “பொய் சொல்றவன் தலையில புள்ளி வைக்கிறதும் நல்ல ஏற்பாடுதாண்ணே. நெசத்துலயும் வச்சா தேவல.”

ரெமிஜியஸ் பிழைகளோடு சேர்த்து, பழையதில் எது எப்படி இருந்தது, ஏன் அது நன்றாக இருந்தது என்றும் எழுத ஆரம்பித்தான். அதற்குத் தனிக் காசு கிடையாது. மாண்ட்ரியாலில் வடிவமைப்புக்குத் தலைவன் கிரெக் என்பவன். எழுதியதைப் படித்துவிட்டு அவனே போனில் கூப்பிட்டான். “உன்னைப் போன்ற ஆள் இருக்கவேண்டிய இடம் இங்கே, எங்கள் மேசையில்” என்றான். வடிவமைப்பாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்றும் சொன்னான்.

அன்று முதல் ரெமிஜியஸ் தஞ்சாவூரில் இல்லை. உடம்பு மட்டும்தான் வந்து போனது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டான். அவன் மனைவி சான்ட்ரா, அந்த ஊரில் பேசுகிற பிரெஞ்சைக் கற்றுக்கொள்ளப் புத்தகம் வாங்கினாள். நான் சாப்பிடப் போனால் “போன்ஜூர்ண்ணா, ரசம் ஊத்தட்டுமா?” என்பாள். அவள் வேலை பார்த்த பள்ளியில் அடுத்த வருஷமும் இருப்பீர்களா என்று கேட்டார்கள். இருக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீடியோவில் பேச கிரெக் நாள் குறித்தான். கீழே டீக்கடையில் ரெமிஜியஸைப் பிடித்தேன்.

“மொதல்ல வேலைக்கு ஆர்டர் குடுங்கன்னு கேளு. அப்புறம் வாயத் தொற.”

“டேய், இது ஒங்கப்பா கடை இல்ல. அங்கல்லாம் தெறமையப் பாத்துதான் கூப்புடுவாங்க.”

“எங்க கடையில மாதிரிக்குக் கரண்டிதான் காட்டுவோம். நீ அண்டாவத் தூக்கிக் குடுத்துடாத.”

“ஒனக்கு எல்லாமே யாவாரம்டா” என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

திரையில் கிரெக்கும் வேறு நான்கைந்து பேரும் இருந்தார்கள். எல்லோரும் சிரித்த முகம். கிரெக் கேட்டான்: சிவப்புப் புள்ளியை எடுத்துவிட்டால், ஆட்டக்காரன் எதை வைத்து எதிராளியை எடைபோடுவான்? ரெமிஜியஸ் கொட்டினான். அழுகிறவன் எங்கே பார்க்கிறான் என்று வையுங்கள். குதிரையை நடக்கவிட்டுப் பார்க்க இடம் கொடுங்கள். விலையை எழுதிக் காட்டாதீர்கள்; எங்கள் மாட்டுச் சந்தையில் விலையை ஊருக்கே தெரியாமல்தான் பேசுவார்கள்.

எப்படி என்றான் கிரெக்.

கை கழுவும் இடத்தில் தொங்கிய துண்டை ரெமிஜியஸ் ஓடிப்போய் எடுத்துவந்தான். என் கையைப் பிடித்து இழுத்து, இருவர் கைமேலும் துண்டைப் போட்டான். உள்ளே என் நான்கு விரல்களைப் பிடித்தான். நாலாயிரம் தருகிறேன் என்று அர்த்தம். பிறகு அழுத்தினான். இதுதான் கடைசி விலை என்று அர்த்தம். படியாது என்று நான் விரலை உதறினேன். விரல்தான் விலை, அழுத்தினால் கடைசி விலை என்று ஆங்கிலத்தில் அவர்களுக்கு விளக்கினான். திரையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுகிற துண்டு ஒன்றுதான்.

“அற்புதம். சீக்கிரம் பேசுவோம்” என்றான் கிரெக். ஆர்டரைப் பற்றி அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

அதன் பிறகு விசா சிக்கல் என்று ஒரு மெயில் வந்தது. பிறகு மெயிலே இல்லை. குறுவை அறுத்துச் சம்பா நட்டுவிட்டார்கள், மாண்ட்ரியாலிலிருந்து மூச்சில்லை. கடைசியில் வந்தது, அந்த இடத்துக்கு அங்கேயே படித்த ஒரு பையனை எடுத்துவிட்டோம், உன் ஆர்வம் எங்களுக்குப் பெரிய தூண்டுதல் என்று. கூடவே சோதிக்க வேண்டிய புதிய பகுதியும் வந்தது. ‘பழைய வழி’ என்று அதற்குப் பெயர். தங்கக்கோடு கிடையாது, அம்பு கிடையாது, சிவப்புப் புள்ளி கிடையாது. அழுகிறவன் தரையைப் பார்த்து அழுதான். குதிரையை நடக்கவிட்டுப் பார்க்க இடம் இருந்தது. வேண்டுகிறவர்கள் பதினைந்து டாலர் கூடக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மூடி இல்லாத தூக்குவாளியை நாங்கள் விலை குறைத்துத்தான் விற்றிருக்கிறோம். மூடி இல்லை என்பதற்காகவே விலையைக் கூட்டலாம் என்று என் அப்பாவுக்குத் தோன்றாமல் போயிற்று.

செம்மொழிதான் அந்தப் பகுதியைச் சோதிக்க வேண்டியவள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். “நான் வேணா வேற எடுத்துக்கறேண்ணே. இத நீங்களே பாருங்க” என்று எழுந்து ரெமிஜியஸுக்கு இடம் கொடுத்தாள்.

சந்தைக் காட்சி வந்தது. குதிரை வியாபாரி தோளிலிருந்து துண்டை எடுத்து இரண்டு கைமேலும் போட்டான். கேமரா துண்டுக்குள் போனது. நம் வீரன் தன் நான்கு விரலை நீட்டினான். வியாபாரி அதைப் பிடித்து அழுத்தினான். திரையில் ‘கடைசி விலை’ என்று எழுத்து வந்தது.

“தலகீழா இருக்கேடா” என்றேன். “வாங்கறவன்தான அடுத்தவன் வெரலப் புடிக்கணும்? இவன் வெரல நீட்டிக்கிட்டு நிக்கிறான்.”

“ஆமா.”

“எழுதலியா?”

ரெமிஜியஸ் காட்சியை இன்னொரு முறை ஓட்டினான். பிழை என்ற கட்டத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனான், நின்றான். பிறகு பக்கத்தில் இருந்த ‘சரி’யை அழுத்தினான். மேற்பார்வையாளன் என்ற முறையில் அதன் கீழே நானும் ‘சரி’ போட்டேன்.

விளையாட்டு வெளிவந்தது. உலகத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்தத் துண்டுக் காட்சியைத்தான் எல்லோரும் தூக்கிவைத்து எழுதினார்கள். கீழை நாட்டுச் சந்தையின் ஆன்மாவே அதில் இருக்கிறதாம்.

சான்ட்ராவின் இடத்துக்குப் பள்ளியில் வேறு ஆள் வந்துவிட்டாள். வீட்டிலேயே டியூஷன் எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரத்தநாட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குடிக்கத் தண்ணீர் வைத்தபோது சான்ட்ரா போன்ஜூர் சொல்லவில்லை. யாரோ அனுப்பிய அந்தக் காட்சியைச் சவரியப்பன் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப ஒருமுறை ஓட்டினார். பிறகு போனை மகனிடம் நீட்டினார்.

“என்னடா கூத்து இது? வெரல அவன் கையில குடுத்துட்டு அப்புறம் என்னத்தடா பேரம்? எந்தக் கிறுக்கன்டா இவனுங்களுக்குச் சொல்லிக் குடுத்தான்?”

ரெமிஜியஸ் சோற்றைப் பிசைந்தான்.

“தெரியலப்பா” என்றான்.