கார்புரேட்டரும் சோபாவும்

சாப்பாட்டு மேசையில் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, பெரிய ஆபரேஷனுக்குத் தயாராகிற டாக்டரைப் போல அவர் கைகளை உதறிக்கொண்டார். எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைப் பார்த்துச் சிரிப்பதையெல்லாம் அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

புயலில் சாய்ந்த மரம் பின்கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது. மரம் வெட்டுகிறவர்கள் யாருக்கும் இந்த வாரம் நேரமில்லை. "ஆள் எதுக்கு? நம்மகிட்டதான் மெஷின் இருக்கே" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மெஷின் இருந்தது வாஸ்தவம்தான். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வாங்கி, ஒரே ஒரு கிளையை அறுத்து, அதைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, டாங்க்கில் பெட்ரோலோடு பரணில் ஏற்றிய செயின்சா. அந்தப் பெட்ரோல் உள்ளேயே காய்ந்து பிசினாகிக் கார்புரேட்டரின் துளைகளை அடைத்துவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலி கண்டதுதான் மிச்சம்.

ஊரில் இந்த மாதிரி மெஷின்களைத் தொடுகிற கடை ஒன்றே ஒன்றுதான். அது அவள் தம்பியின் கடை. அங்கேதான் வந்தது வினை.

தம்பி இந்த வீட்டுக்குக் கடைசியாக வந்தபோது சோபா புதிது. அக்காவைப் பார்க்கிற ஆசையில் கடையிலிருந்து நேராக வந்து அதில் உட்காரப் போனான். இவர் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து நீட்டினார். "இத விரிச்சுட்டு உக்காரு மச்சான். கிரீஸ் பட்டா போகாது." வந்திருந்த ஆபீஸ் நண்பர்கள் சிரித்தார்கள். தம்பி உட்காரவே இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "நீ கூப்பிட்டு இனிமே வரமாட்டேன்க்கா. அவர் வாயால கூப்பிடட்டும், வரேன்."

அவரா கூப்பிடுவார்? அவள் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்கிறபோது அவர் முகத்தில் இருக்கும் வெள்ளந்தித்தனம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றிலிருந்து அந்தச் சோபாவில் அவள் உட்காருவதில்லை. இத்தனை வருஷத்தில் அதுகூட அவர் கண்ணில் படவில்லை.

அப்பேர்ப்பட்ட சுத்தக்காரர் இப்போது முழங்கை வரை கறுப்பாக உட்கார்ந்திருந்தார். கழுவுவதற்கு அவளுடைய பல் துலக்கும் பிரஷ், சின்னச் சாமான்களைப் பிடிக்க அவள் புருவம் திருத்துகிற இடுக்கி, பெட்ரோல் ஊற்றி வைக்க அவள் மாவு கலக்கும் பாத்திரம். ஒன்றையும் கேட்டு எடுக்கவில்லை. மேசை விரிப்பு போனது போனதுதான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், கழுவியதில் குறையில்லை. துளைகளில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புது ரிப்பேர் கிட்டைப் பிரித்ததும்தான் தன் குணத்தைக் காட்டினார்.

கார்புரேட்டருக்கு இரண்டு பக்கம் மூடி. ஒவ்வொரு மூடிக்குள்ளும் பெட்ரோல் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் தாள் ஒன்று, ஜவ்வு மாதிரி மெல்லிசான தகடு ஒன்று. ஒரு பக்கம் முதலில் ஜவ்வு வரவேண்டும், அதன்மேல் கேஸ்கெட். மறுபக்கம் நேர்மாறு: முதலில் கேஸ்கெட், அதன்மேல் ஜவ்வு. கைபேசியில் ஓடிய வீடியோவில் ஒரு ஆள் இதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தான். "வளவளன்னு பேசுறான்" என்று அவர் விரலால் தள்ளி ஓட்டிவிட்டார். இரண்டு பக்கத்திலும் ஜவ்வையே முதலில் வைத்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வரும். லாஜிக்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார்.

அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்பாவின் கடையில் பள்ளிக்கூடப் பையை வைத்த கையோடு கார்புரேட்டர் கழுவ உட்கார்ந்தவள் அவள். தம்பிக்கு இந்த ஜவ்வு விவகாரத்தைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெஷின் ஓடும். இவர் மரத்தை அறுப்பார், படமெடுத்து அனுப்புவார். தம்பி வாசல் மிதிக்கப் போவதில்லை.

அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

முற்றத்தில் கயிற்றை இழுத்தார். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பிளக்கைக் கழற்றினால் அது நனைந்து நாறியது. முதலில் கிட் போலி என்றார். பிறகு பங்க்கில் கலப்படம் என்றார். மறுபடி பிரித்து, துளி மாறாமல் அதே தப்பை அதே சிரத்தையோடு செய்து மாட்டினார். அதுவும் ஒழுகியதும், "நீ மேசைய ஆட்டிக்கிட்டே இருந்தே" என்றார். இதற்குமேல் வீட்டில் குற்றம் சாட்ட ஆள் இல்லாததால் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"உங்கப்பா கடையில இதெல்லாம் பாத்திருப்பியே. உனக்கு ஏதாவது தெரியுதா?"

இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது.

"எனக்கென்னங்க தெரியும்? தம்பிக்குத்தான் தெரியும்."

அவர் மரத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். "சரி, அவனக் கூப்பிடு."

"நான் கூப்பிட்டா வரமாட்டான்." எண்ணைப் போட்டுக் கைபேசியை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார். "மச்சான், நான்தான். கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போறியா?" சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

தம்பி கடை உடுப்போடு அப்படியே வந்தான். மூடியைக் கழற்றியவன், உள்ளே பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

"நல்லா கழுவியிருக்கீங்க மாமா" என்றான். ஜவ்வையும் கேஸ்கெட்டையும் இடம் மாற்றி வைத்து மூடி, பிளக்கைத் துடைத்து மாட்டிக் கயிற்றை இழுத்தான். மெஷின் இருமி, புகை கக்கி, உறுமிக்கொண்டு ஓடியது.

"அவ்ளோதானா?" என்றார் அவர். "பாத்தியா, முக்கால்வாசி வேலைய நான் முடிச்சு வச்சிருந்தேன். மச்சான் சும்மா ஒரு தாள மாத்திப் போட்டான்." திருந்துகிற ஜென்மமா அது.

மரத்தை இரண்டு பேருமாக அறுத்தார்கள். அதாவது தம்பி அறுத்தான், இவர் எங்கே அறுக்க வேண்டும் என்று கையைக் காட்டினார். முடிந்ததும் தம்பி சமையலறைப் பக்கம் வந்து ரகசியமாகக் கேட்டான்:

"நீ பக்கத்துலதானேக்கா இருந்தே?"

"வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன்டா."

அவன் சத்தமில்லாமல் சிரித்தான். அவளுக்குக் கண் கலங்கியது. அதற்கும் வெங்காயத்தையே காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கையிலும் சட்டையிலும் இருந்த கிரீஸோடு சோபாவில் உட்காரவைத்தாள். "நல்லா சாஞ்சு உக்காரு."

அந்த நேரம் பார்த்து அவரும் அப்பாடா என்று உள்ளே வந்து, சோபாவின் மறுகோடியில் சாயப் போனார். அவள் குறுக்கே கை நீட்டினாள். கையில் பழைய செய்தித்தாள் இருந்தது.

"இத விரிச்சுட்டு உக்காருங்க" என்றாள். "கிரீஸ் பட்டா போகாது."

அவர் தாளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. வாங்கி விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

அவள் தம்பி பக்கத்தில் போய், சோபாவில் உட்கார்ந்தாள்.