கார்பனுக்குக் கீழே இரண்டு புள்ளி

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் தலைமைத் திருத்துநருக்கு ‘விடைக்குறிப்பு’ என்று பெயர் வைத்திருந்தோம். தேநீருக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூடக் குறிப்பைப் புரட்டிப் பார்க்கிற மனிதர். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அன்று என் கையில் இருந்த வேதியியல் தாளைக் கூட்டினால் முப்பத்துமூன்று வந்தது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே கேள்வி, இரண்டு மதிப்பெண்: ஃபார்மால்டிஹைடின் லூயிஸ் அமைப்பை வரைக.

யார் பெற்ற பிள்ளையோ, கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. படம் மட்டும் அத்தனை சுத்தம். நடுவில் கார்பன், இரண்டு ஹைட்ரஜனுக்கும் ஒவ்வொரு கோடு, ஆக்சிஜனுக்கு இரட்டைக் கோடு, ஆக்சிஜன்மேல் நான்கு புள்ளி. ஒரு கோட்டுக்கு இரண்டு எலக்ட்ரான், ஒரு புள்ளிக்கு ஒன்று என்று ஓரத்தில் எண்ணியும் காட்டியிருந்தது. மொத்தம் பன்னிரண்டு, கார்பனைச் சுற்றி எட்டு.

அச்சடித்து வந்த குறிப்பிலோ கார்பனுக்குக் கீழே கூடுதலாக இரண்டு புள்ளி. கார்பனைச் சுற்றிப் பத்து! எட்டுக்கு மேல் அது தாங்காது என்று பாடத்தின் முதல் பக்கத்திலேயே கத்துகிறோம். சுற்றிலும் இருபது பேர், எல்லோரும் படித்தவர்கள், வாயைத் திறக்காமல் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

“சார், குறிப்பு தப்பு. இந்த ரெண்டு எலக்ட்ரான் எங்கேருந்து வந்துச்சு?”

“மேலேருந்து வந்திருக்கும்மா.”

“மேல யாரு சார் எலக்ட்ரான் குடுக்கறாங்க?”

“குறிப்புல புள்ளி இருக்கு, தாள்ல இல்ல. பூஜ்யம் போடுங்க. இதுல என்ன ஆராய்ச்சி?”

“இந்தப் பிள்ளை ஃபெயில் ஆயிடும் சார்.”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து அவர் கையில் வைத்தேன்.

“அப்போ நீங்களே போட்டுடுங்க. பக்கத்துல கையெழுத்தும் போடுங்க. நாளைக்கு அந்தப் பிள்ளை தாளோட நகல் கேட்டு வாங்கினா, யாரு போட்டதுன்னு தெரியணும் இல்லையா?”

மனிதர் ஆடிப்போய்விட்டார். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களைப் போடச் சொல்லியே பழகிய கை அது. பேனா தாளுக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒவ்வொரு கோடாகத் தொட்டு, உதடு அசைய எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார்.

பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஒலிபெருக்கி பக்கம் போனார்.

“எல்லாரும் கவனிங்க. விடைக்குறிப்பை நான் நுணுக்கமா ஆராய்ஞ்சதுல, கார்பனுக்குக் கீழ ஒரு அச்சுப்பிழை கண்டுபிடிச்சிருக்கேன். அந்த ரெண்டு புள்ளி வேண்டாம். பூஜ்யம் போட்டவங்க எல்லாம் திருத்திடுங்க.”

அதுவரை தலை நிமிராத இருபது பேரும் கை தட்டினார்கள். பக்கத்து மேசைக்காரர், “என்ன கூர்மை பாருங்க சாருக்கு!” என்றார்.

நான் குனிந்து இரண்டு போட்டேன். மொத்தத்தை முப்பத்தைந்து என்று எழுதி, அடியில் கையெழுத்திட்டேன். பிறகு எழுந்து நின்று, எல்லோரையும் விடச் சத்தமாகக் கை தட்டினேன்.