மூன்றாவது கரண்டி

எங்கள் நர்ஸ் உதவியாளர் வகுப்பில் ஒரே நேரத்தில் இரண்டு டீச்சர்கள் நிற்பார்கள். நர்ஸ் டார்லீன், கட்டிலில் கிடக்கும் ரப்பர் பொம்மையைப் புரட்டி முதுகு துடைக்கக் காட்டுவாள். பாதியில், ஆங்கிலமும் குடியுரிமைப் பாடமும் நடத்தும் மிஸ் டால்கிரென் கையைத் தூக்கி, "அந்த வாக்கியத்த எல்லாரும் இன்னொரு தடவ சொல்லுங்க" என்பாள். சொல்லி முடித்த கையோடு செனட்டர்கள் எத்தனை பேர் என்று கேட்பாள். கையில் மலத்தட்டு, வாயில் அரசியல் சட்டம். மின்னசோட்டா பனியில் காலை எட்டு மணிக்கு இதற்காக வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் வான்கோழித் தொழிற்சாலையில் வேலை முடித்து, தூங்காமல் வருகிறவர்கள். நூறு செனட்டர்களும் சேர்ந்து வந்தாலும் எங்கள் இமையைத் தூக்கி நிறுத்த முடியாது.

என்னோடு படித்த முலுவுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகவே வரும். பிறந்த ஊரான கோண்டரில் எங்கள் வீடுகளுக்கு நடுவே நாலு தெருதான், ஆனால் பழகியது இங்கே வந்துதான். அவளுக்குப் பிரச்சினை கை. ஏழு வருடம் இறைச்சி வெட்டி மணிக்கட்டு போய்விட்டது. எழுந்ததும் வெந்நீரில் கால்மணி நேரம் வைத்தால்தான் விரல் விரியும். உதவியாளர் சான்றிதழ் கொண்டுவந்தால் பகல் வேலை தருவதாக ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடி கத்திதான்.

பரீட்சையில் முதல் தடவை, கழுவிய கையாலேயே குழாயை மூடித் தோற்றாள். இரண்டாவது தடவை நாடித்துடிப்பு எண்ணிக்கை தப்பியது. மூன்றாவதும் போனால் பதினாலு வார வகுப்பை ஆதியிலிருந்து படிக்க வேண்டும். நான் ஏற்கெனவே தேறிவிட்டேன். பரீட்சையில் நோயாளியாக நடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதால் அவளோடு போனேன்.

உரிமைகளைப் பற்றிய பாடம் நடந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிஸ் டால்கிரென் சொன்னாள்: "ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம்தான். ஜனாதிபதியே வந்தாலும் அத மாத்த முடியாது." டார்லீன் விடவில்லை. "நோயாளி ஒரு தடவ போதும்னா நிறுத்திடணும். ரெண்டாவது தடவ சொல்ல வெச்சா அது கட்டாயப்படுத்துறது."

இருவரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். இடைவேளையில் மிஸ் டால்கிரென் எலுமிச்சை கேக் கொண்டுவந்து நீட்டினாள். வழக்கப்படி நான், "ஐயோ, வேண்டாம்" என்றேன். அவள் தட்டோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

முலு என் காதைக் கடித்தாள். "உனக்கு உரிமையக் குடுத்துட்டாங்க அக்கா. கேக்குதான் போச்சு."

எங்கள் ஊரில் முதல் தடவையே சரி என்பவர் கிடையாது. புளித்த மாவில் தோசைபோலச் சுடும் இஞ்சேராவைக் கையால் சுருட்டி எதிரில் இருப்பவர் வாயில் ஊட்டுவோம். குர்ஷா என்போம் அதை. ஒரு வாய் ஊட்டினால் பகை, இரண்டு வாய் ஊட்டினால் பிரிவு, மூன்று வாய் ஊட்டினால்தான் உறவு. போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறப்பதுதான் மரியாதை. இது நோட்டில் எழுதிப் படித்ததல்ல. பல் முளைக்கும் முன்பே வந்தது.

பரீட்சை அறையில் மார்க் போட நரைத்த தலையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். முலு கதவைத் தட்டினாள், பெயர் சொன்னாள், கை கழுவிக் குழாயைக் காகிதத்தால் மூடினாள். நாடியைச் சரியாக எண்ணினாள். கடைசி வேலை ஊட்டுவது. என் கண்மட்டத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, அரைத்த ஆப்பிளைக் கரண்டியில் எடுத்தாள். அந்த மணிக்கட்டை வைத்துக்கொண்டும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எனக்குக் கொடுத்திருந்த சீட்டில், நாலு வாய் ஆனதும் போதும் என்று சொல்லும்படி இருந்தது.

"போதும்" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. விருந்து வைக்கிற வீட்டுக்காரியின் சிரிப்பு. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று நீட்டினாள்.

அங்கேயே நான் வாயை இறுக்கி மூடியிருக்க வேண்டும். தலையையாவது திருப்பியிருக்க வேண்டும். தூக்கமில்லாத மூளையோ பாழாய்ப்போன வழக்கமோ, "போதும் போதும்" என்றபடி வாயைத் திறந்தேன். அடுத்ததற்கும் திறந்தேன். மூன்றாவது கரண்டியும் உள்ளே போனபின், முலு திருப்தியோடு என் வாயைத் துடைத்துவிட்டாள்.

அந்த அம்மாள் பேனாவை மூடினார். "மத்ததெல்லாம் ரொம்ப அழகாப் பண்ணீங்கம்மா" என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "ஆனா அவங்க நிறுத்தச் சொன்னப்புறம் மூணு வாய் குடுத்திருக்கீங்க. இதுக்கு என்னால மார்க் போட முடியாது."

காரில் ஏறி உட்கார்ந்தோம். கண்ணாடியில் பனி படிந்துகொண்டிருந்தது.

"நீ ஏங்க்கா வாயத் தெறந்த?" என்று முலு கேட்டாள். சண்டைக்கு இழுக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீ நீட்டுன, தெறந்தேன்டி. நீ நீட்டி நான் எப்பத் தெறக்காம இருந்திருக்கேன்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரே ஒரு தடவை அவளை அவமதித்திருந்தால் அவள் கை பிழைத்திருக்கும். அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

தொழிற்சாலைக்குப் போக இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. முலு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சரியாக விரியாத விரல்களால் இஞ்சேராவைக் கிழித்து, பருப்பை வைத்துச் சுருட்டி என் வாயில் ஊட்டினாள். காலையிலிருந்து அந்த ஆப்பிளைத் தவிர நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

வாயில் இருந்ததை மென்றுகொண்டே, எப்போதும் சொல்வதுபோல, "போதும்டி" என்றேன்.

அடுத்ததைச் சுருட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "சரி" என்று டப்பாவை மூடினாள்.